சாதா ஜுரம்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பல வருடமாக வேலை செய்கிறேன். வெள்ளைத் துணி விரித்த மேடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புடவை பிரித்துக் காட்டும் வேலை. ஒரு மேடைக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி எடுத்துப் பிரிப்பாள். மற்றவள் எழுந்து நின்று தன் தோளில் போட்டு முந்தானையை விரித்துக் காட்டுவாள். என்னோடு நான்கு வருடம் உட்கார்ந்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான் அவள் முழுகாமல் இருந்தாள். அது தெரிந்த நாளிலிருந்து, எழுந்து நின்று காட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தை மாதம் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்தன. ஊரெல்லாம் இருமல். முதலில் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஜுரம் வந்தது. அவளுக்குச் சரியான மறுநாள் எனக்கு. காலையில் எழுந்திருக்க முடியவில்லை, இடுப்பெல்லாம் வலி. சூப்பர்வைசருக்குப் போன் செய்து லீவு கேட்டேன்.

"இன்னாமா, முகூர்த்த வாரத்துல லீவு கேக்கற? ஒரு மாத்திரையப் போட்டுக்கினு வா. எல்லாருக்கும்தான் ஜுரம் இருக்குது" என்றார்.

மாத்திரை போட்டுக்கொண்டு எங்கள் ஊர் முசரவாக்கத்தில் பஸ் ஏறினேன். அவர் சொன்னதால்தான் போனேன் என்று சொல்ல மாட்டேன். போகாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாள் திட்டியிருப்பார், அவ்வளவுதான். வேலையை விட்டு அனுப்பியிருக்க மாட்டார்.

கொரோனா காலத்து மாஸ்க் ஒன்று பையில் கிடந்தது. கடைக்குள் போகும்போது மாட்டிக்கொண்டேன். பதினோரு மணிக்கு ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். "அத கழட்டிட்டுப் பேசும்மா, நீ சொல்றது காதுல விழல" என்றார் பெண்ணின் அம்மா. கழற்றிப் பையில் வைத்தேன். திரும்ப எடுக்கவில்லை.

அவர்கள் போனதும், மேடையில் என்னோடு இருந்தவள் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அய்யோ, கொதிக்குதேக்கா!"

"தள்ளி ஒக்காருடி, வயித்துல புள்ளய வெச்சிக்கினு."

"எங்க தள்றது? மேடையே இம்மாந்தான் இருக்குது" என்று சிரித்தாள்.

மத்தியானம் தன் ஃபிளாஸ்க் மூடியில் எனக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்து வைத்த அதே மூடியில் அவளும் ஊற்றிக் குடித்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. சாதா ஜுரம்தானே என்று நினைத்தேன்.

மூன்று நாளில் எனக்குச் சரியாகிவிட்டது. நான்காம் நாள் அவள் வேலைக்கு வரவில்லை. போன் செய்தேன்.

"அடிச்சிப் போட்டாப்புல இருக்குதுக்கா."

"டாக்டர்கிட்ட போனியா?"

"மாத்திரை எதுவும் வேணாங்கறாங்க அத்த. கொழந்தைக்கு ஆவாதாம். கஷாயம் வெச்சிக் குடுத்தாங்க."

ஆறு வருடம் காத்திருந்த மாமியார். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. "ரெஸ்ட் எடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்னிடமும் வேறு யோசனை இல்லை.

அடுத்த நாள் தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். அதற்கு இரண்டு நாள் கழித்துப் போனில் பேசியபோது வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி மூச்சு வாங்கினாள். போனை அவள் வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றுக்குப் பஸ் ஓட்டுகிறவர். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்கப்பா, இப்பவே" என்றேன். ஆட்டோவில் கூட்டிப்போனார். நான் கடையில் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

நான் போனபோது அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வளைகாப்பு நடந்திருந்தது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். ஊசி ஏற்றுவதற்கு நர்ஸ் அதையெல்லாம் கழற்றச் சொன்னார். கை வீங்கியிருந்ததால் சோப்புத் தண்ணீர் போட்டும் பாதிதான் வந்தது. மீதியை உடைக்க வேண்டும் என்றார். அவள் மாஸ்க்குக்குள்ளிருந்து தலையை ஆட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒடைக்க வேணாம்னு சொல்லுக்கா" என்றாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் ஒவ்வொன்றாக உடைத்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "இது இன்ஃப்ளூயன்சா. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு நுரையீரல்ல சீக்கிரம் எறங்கிடும். இதுக்கு மாத்திரை இருக்கு, கர்ப்பிணிங்களும் சாப்பிடலாம். முதல் ரெண்டு நாள்ல ஆரம்பிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். இப்பவும் குடுக்கறோம். தடுப்பூசி எதாவது போட்டிருந்தாங்களா?"

காய்ச்சலுக்குத் தடுப்பூசி என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"சாதா ஜுரம்னுதான மேடம் நெனச்சோம்" என்றார் அவள் வீட்டுக்காரர். டாக்டர் தடுப்பூசி இல்லை என்று எழுதிக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டாம் நாள் மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். மூன்றாம் நாள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. என் உள்ளங்கையிலிருந்து முழங்கைவரைகூட இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஒரு நிமிடம் காட்டிவிட்டுக் கொண்டுபோனார்கள். அதற்கு மறுநாள் காலை அவள் செத்துப்போனாள். குழந்தையை அவள் பார்க்கவில்லை. குழந்தை பிறந்ததே அவளுக்குத் தெரியாது.

சாவு வீட்டில், "நான்தான் மாத்திர வேணாம்னேன், நான்தான் வேணாம்னேன்" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படியில்லை என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பழி அவர் மேல் நிற்பது எனக்குச் சௌகரியமாகக்கூட இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. தெருவில் எல்லாரும், பிரசவத்தில் போய்விட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். கடையிலும் அப்படித்தான். ஜுரம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் ஆஸ்பத்திரியில் குழந்தையோடு இருந்தார். அவள் வீட்டுக்காரர் மட்டும் வீட்டில் இருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"எனக்குத்தான்பா மொதல்ல ஜுரம் வந்துச்சி. ஜுரத்தோடதான் வேலைக்கு வந்தேன். அது பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன்."

"தெரியும்க்கா. அன்னிக்கே வந்து சொல்லிச்சி. அக்காவுக்கு ஒடம்பு கொதிக்குது, பாவம், லீவு குடுக்கல போல இருக்குதுன்னு."

அவர் கோபப்படுவார், கத்துவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அதற்குத் தயாராக இருந்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு கேட்டார்.

"உங்களுக்கு எத்தினி நாள்ல சரியாச்சு?"

"மூணு நாள்."

"மூணு நாள்" என்று அவரும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் வாசல்வரை வரவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. இரண்டு மாதம் பெட்டியில் இருந்து வீட்டுக்கு வந்தது. இப்போது நடக்கிறது. ஒரு முறை காமாட்சியம்மன் கோயில் சன்னதித் தெருவில் பாட்டி இடுப்பில் பார்த்தேன். கூப்பிடலாமா என்று நினைப்பதற்குள் அவர்கள் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். நான் வேகமாக நடந்திருந்தால் பிடித்திருக்கலாம். நடக்கவில்லை.

கடையில் அவள் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். போன கார்த்திகையில் ஒரு நாள் இருமிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. வீட்டுக்குப் போ என்றேன். போக மாட்டேன் என்றாள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, எல்லார் எதிரிலும், "இந்தப் பொண்ணு இங்க ஒக்காந்தா நான் ஒக்கார மாட்டேன்" என்றேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவளை அனுப்பினார்.

நான்கு நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். கல்யாணக் கூட்டத்துக்கு முன்னால் என்னை அவமானப்படுத்திவிட்டீர்கள் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதிலிருந்து, இந்தப் புடவையை எடுங்கள், அந்தப் புடவையை மடியுங்கள் என்பதைத் தவிர என்னிடம் எதுவும் பேசுவதில்லை.