முகத்தைத் திருப்பினால் வேண்டாம் என்று அர்த்தம்

என் அக்காவுக்குக் குதிரைப் பயிற்சிக் கூடத்தில் டீச்சரம்மா என்று பெயர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவளுக்கு அந்தப் பெயரை வைத்தது வாசல் காவலாளி. வட்டமாக வேலி போட்ட மணல் திடலில் அவள் நீளக் கயிற்றோடு நிற்பாள், குதிரை அவளைச் சுற்றி வரும். ஒரு நாளும் அவள் எந்தக் குதிரை மேலும் ஏறி உட்கார்ந்ததில்லை. "இன்னைக்கு என்ன பாடம் டீச்சரம்மா?" என்று காவலாளி கேட்பான். "வாய மூடிக்கிட்டு நிக்கிறது எப்படின்னு. நீயும் வந்து சேர்ந்துக்கோ" என்பாள்.

அங்கே லாடம் அடிப்பவன் நான். அவளை வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. புருஷன் அடிக்கிறான் என்று இரண்டு முறை பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு முறையும் அந்தப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் அவளை அங்கே விட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் முறை வந்தபோது முன்பல் ஒன்று இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

சீமாட்டி வந்தது அவள் சேர்ந்த நான்காம் வருஷம். செம்பழுப்பு நிறப் பெண் குதிரை. யாரையும் மதிக்காமல் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றதால் அந்தப் பெயர். முன்பிருந்த இடத்தில் அடித்தே பழக்கியிருந்தார்கள், விலாவெல்லாம் சாட்டைத் தழும்பு. யார் கிட்டே போனாலும் காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்டும். வந்த வாரமே தீனி போடுபவரின் தோளைக் கடித்துவிட்டது. முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஆறு மாசம் டைம். அதுக்குள்ள மேல ஆள் உக்கார விடலன்னா, தோலுக்கு வாங்குறவன் வண்டியில ஏத்திடுவேன்" என்றார் அக்காவிடம்.

முதல் மூன்று வாரம் அவள் ஒன்றுமே செய்யவில்லை. திடலின் நடுவில் குதிரைக்கு முதுகைக் காட்டி நின்றாள், அவ்வளவுதான். பிறகு இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கையை மேலே பார்க்க நீட்ட ஆரம்பித்தாள். குதிரை தலையைத் தாழ்த்தினால் தொடுவாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த நொடியே கையை இறக்கிவிட்டு மூன்றடி பின்னால் போய்விடுவாள். கயிறு மாட்டவும் கேட்பாள், உடம்பைத் தேய்க்கவும் கேட்பாள், முதுகில் ஒரு துணியைப் போடவும் கேட்பாள். பார்க்கிற எனக்கே எரிச்சல் வரும்.

"எத்தனை தடவைதான் கேப்ப?" என்றேன் ஒரு நாள்.

"வேண்டாம்னா விட்டுடுவாங்கன்னு அவளுக்குத் தெரியணும்டா. அது தெரிஞ்சா ஒரு நாள் அவளே சரின்னுவா."

அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் லாடத்தை அரம் போட்டுத் தேய்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

ஐந்தாம் மாதம் சீமாட்டி சேணத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த வாரம், பயிற்சிக்கு வரும் ஒல்லியான பெண் ஒருத்தி ஏறி உட்கார்ந்து திடலை இரண்டு சுற்று வந்தாள். முதலாளி தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்று அக்கா சிரித்தாள், பல் போன இடம் தெரிகிற மாதிரி.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல் இருந்தது. காதை மடக்குவதையும் பல்லைக் காட்டுவதையும் சீமாட்டி அடியோடு விட்டுவிட்டது. மெல்லச் சொன்னாலே கேட்க ஆள் இருக்கும்போது அது எதற்குக் கத்த வேண்டும்? ஆனால் மற்ற குதிரைக்காரர்களுக்குத் தெரிந்த எச்சரிக்கை அதனிடம் ஒன்றுகூட மிச்சமில்லை. "நீ இல்லாத அன்னைக்கு இவ வேண்டாம்னா யாருக்குப் புரியும்?" என்று கேட்டேன். "உனக்குப் புரியுமே" என்றாள்.

இருந்தாலும் லாயக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தாள்: முகத்தைத் திருப்பினால் வேண்டாம் என்று அர்த்தம். காவலாளி அதற்குக் கீழே, என் பெண்டாட்டியும் அப்படித்தான் என்று எழுதினான். எல்லோரும் சிரித்தோம். மறு வாரம் கதவுக்குப் பெயின்ட் அடித்தார்கள், இரண்டும் போயின.

அப்புறம் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன், பத்து நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் காலை முதலாளியின் மாப்பிள்ளை இரண்டு நண்பர்களோடு வந்தார். எனக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது. வேறு லாடக்காரனைப் பார்க்கலாமா என்று போன வாரம்தான் எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார். நான் பத்தடி தள்ளி வேறொரு குதிரையின் குளம்பை மடியில் வைத்துக்கொண்டு, ஆணிகளை வாயில் கவ்வியபடி வேலை செய்துகொண்டிருந்தேன்.

சீமாட்டியைத் தூணில் கட்டிவிட்டுச் சேணத்தோடு அவர் கிட்டே போனார். அது முகத்தைத் திருப்பியது. கயிற்றைப் பிடித்து முகத்தை இழுத்தார். மறுபடி திருப்பியது. "ரொம்பத்தான் பிகு பண்றா" என்று நண்பர்களிடம் சொல்லிக் கழுத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் ஆணி இருந்தது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துப்பினால் தீர்ந்தது. துப்பவில்லை. காது நிமிர்ந்தபடியே இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சேணத்தை முதுகில் போட்டு, குனிந்து வயிற்றுப் பட்டையை இறுக்கினார். சீமாட்டி பின்னங்காலை முன்னால் வீசி ஒரே உதை. மாப்பிள்ளையின் முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டது.

மறுநாள் பிற்பகலே தோல்காரன் வண்டி வந்து நின்றது. பலகையைச் சாய்த்து வைத்து மூன்று பேர் இழுத்துப் பார்த்தார்கள். சீமாட்டி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அசையவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"உங்க அக்கா வித்தை உனக்குத் தெரியும்ல? ஏத்து. இல்லன்னா ரெண்டு பேரும் வேற வேலை பாத்துக்குங்க."

மூன்று பேரையும் விலகச் சொன்னேன். இரண்டடி தள்ளி நின்று உள்ளங்கையை நீட்டினேன். திருப்பிக்கொள் என்றுதான் மனசுக்குள் கெஞ்சினேன். திருப்பியிருந்தால் விட்டிருப்பேனா? அது எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. சீமாட்டி கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தியது. கயிறு தளர்ந்தே கிடக்க, என் பின்னால் பலகையில் ஏறி உள்ளே வந்து நின்றது. நல்ல வேலைக்காரன் என்று முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

டிஸ்சார்ஜ் அன்று நான்தான் அக்காவைக் கூட்டிவரப் போனேன். விஷயம் எப்படியோ அவள் காதுக்கு எட்டியிருந்தது. துணிகளை மடித்துப் பையில் வைத்தபடியே கேட்டாள்.

"உதைக்கிறதுக்கு முன்ன முகத்தைத் திருப்பினாளா?"

"திருப்பினா. ரெண்டு தடவை."

"அப்ப அவ மேல தப்பில்ல" என்றாள். நீ எங்கே இருந்தாய் என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. "வண்டியில ஏறவே மாட்டாளே. எப்படி ஏத்தினாங்க?"

நாலு பேர் கட்டி இழுத்தார்கள் என்று சொல்லத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தேன். வாய் வரவில்லை.

"நான் கேட்டேன்க்கா. தலையைக் குனிஞ்சா."

மடித்த புடவை கையிலேயே இருக்க, அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அழுவாள், திட்டுவாள், கன்னத்தில் ஒன்று விடுவாள் என்று காத்திருந்தேன். எதுவாயிருந்தாலும் வாங்கிக்கொள்ள நான் தயார்.

"கேக்குறவங்க எல்லாரும் நல்லவங்கன்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

அப்புறம் ஒரு டாக்ஸி பிடித்துத் தரச் சொன்னாள், நான் வர வேண்டாம் என்றாள். பிடித்துக் கொடுத்தேன். இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் அட்டைப் பெட்டி ஒட்டுகிறாள். என் மனைவியோடு போனில் பேசுகிறாள், குழந்தைகளை விசாரிக்கிறாள். நான் இன்னும் அங்கேதான் லாடம் அடிக்கிறேன். வண்டியில் ஏற மறுக்கிற குதிரை எது வந்தாலும் முதலாளி என்னைத்தான் கூப்பிடுகிறார்.