அப்பா ஜெயித்த கயிறும் அயர்லாந்து ராஜாவும்

பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும் போட்டி. அப்பா தலைமை தாங்கிய போட்டாதாங் பேட்டை அணி, என் வீட்டுக்காரரின் தின்கன்ஜூன் பேட்டை அணியை மண்ணைக் கவ்வ வைத்தது. அன்றிலிருந்து ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்கு மொஹிங்கா என்கிற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ் வருவதில்லை. வாங்கி வருகிறவர் அப்பாதான். ஜெயித்த கதையை மாமனார் ஊரெல்லாம் அளக்கிறார் என்று இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை கூப்பிடாமல் படி மிதிப்பதில்லை என்று அப்பா தன் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம்தான். ஆனால் இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுவதைப் பார்க்காமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கசந்தது.

அப்போது பார்த்து எனக்கு வந்த வேலை அயர்லாந்து. இணையவழிச் சரித்திரப் பாடங்களைத் தமிழில் எழுதிக் குரல் கொடுப்பது என் பிழைப்பு. ஐரிஷ்காரர்கள் வைக்கிங்குகளோடு போட்ட பெரிய சண்டையை, ஜெயித்த ராஜாவின் கொள்ளுப்பேரன் காலத்தில் சாவகாசமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். புகழ்ச்சிக்குக் கேட்க வேண்டுமா! ஜெயித்த அந்த ராஜாவின் மகளே எதிரி ராஜாவுக்கு மனைவி. மதில்மேல் கணவன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறாள். கடலுக்குள் ஓடும் வைக்கிங்குகளைக் கேலி செய்து, கணவன் கையால் ஒரு பல்லை இழக்கிறாள். படித்ததும் என் பல்லை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். இவர் அடிக்கிற ஆள் இல்லை, பேசாமலே கொல்கிற ஆள்.

பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. வைக்கிங்குகளை வாய்க்கு வந்தபடி திட்டுகிற அதே ஏடு, அவர்களுடைய பலத்தையும் இரும்புக் கவசத்தையும் விழுந்து விழுந்து வர்ணிக்கிறது. நோஞ்சானை ஜெயித்தால் ராஜாவுக்கு என்ன பெருமை?

அப்பாவும் ஜெயித்தவர்தானே! இவர் வெங்காயம் நறுக்கும் நேரம் பார்த்து அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அப்பா, அந்தக் கயிறு கதையைச் சொல்லுங்க."

"அதை ஏம்மா கேக்குற? அவங்க பக்கம் மத்தவன்லாம் சும்மா. கடைசியில நின்னாரே உன் வீட்டுக்காரரு, அவருதான் ஆளு! துறைமுகத்துல மூட்டை தூக்குன பத்துப் பேரு நாங்க இழுக்குறோம், மனுஷன் அசையலையே! கால் மட்டும் வழுக்கலைன்னா எங்க பாடு கந்தல்தான்."

கத்தி நின்றது. "எல்லார்கிட்டயும் இப்படியா சொல்றாரு?" என்றார் இவர், குரலைத் தாழ்த்தி.

"டீக்கடை டீக்கடையா," என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். "மாமா, பத்து இல்ல. பன்னெண்டு பேரு இழுத்தீங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, பேசுவோம்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமா மாப்பிள்ளை, பன்னெண்டுதான்."

பக்கத்துக்கு எட்டுப் பேர்தான் இழுத்தார்கள். மைதான ஓரத்தில் நின்று பார்த்தவள் நான். வாயைத் திறக்கவில்லை.