சாம்பிள் கேட்ட சாக்ஸபோன்காரன்

என் தம்பி குகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டிலிருந்து வரும் மாதிரி உடுப்பைப் பார்த்து, அச்சு அசலாக அதைப் போலவே தைத்துக் காட்டுவது அவன் வேலை. ஒரு தையல் விலகினாலும் மொத்தத்தையும் பிரித்துவிடுவான். வீட்டில் பொத்தான் தைக்கச் சொன்னால் மட்டும் துரைக்கு நேரம் இருக்காது.

சோமனூரில் கல்யாண பேண்டு நடத்திய ராமர் அண்ணன் தொழிலை விட்டபோது, அவருடைய சாக்ஸபோனை இவன் வாங்கி வந்தான். போனில் எதையோ தேடப்போய் ஜாஸ் என்கிற அமெரிக்க இசை காதில் விழுந்தது. அதோடு சரி, பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கள் ஊர் மங்கலத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவில் ஜாஸ்! "ஒரு முருகன் பாட்டு வாசி கண்ணு" என்று அம்மா கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி சாம்பிள் அறையில், துணி ரோல்களுக்கு நடுவே போனை வைத்துப் பதிவு செய்வான். பழைய அமெரிக்க இசைத்தட்டுகளில் இருக்கும் தனி வாசிப்புகள்தான் எல்லாம். அந்தக் கலைஞர் மூச்சு வாங்கிய இடத்தில் இவனும் வாங்குவான். பிறகு இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு, "டாலி ஆகுதுங்க்கா" என்பான். இணையத்தில் கேட்டவர்கள் 'அப்படியே அவர்தான்' என்று பெரிய பெயர்களாகச் சொல்லிப் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதைக் கேட்டுவிட்டுத்தான் பெங்களூரிலிருந்து கிருத்திகா அழைத்தார். பியானோ கலைஞர். ஒரு ஆல்பம் செய்கிறார். ஒரு பாட்டு வாசித்துப் பார்க்கலாம், சரிப்பட்டால் குழுவிலேயே சேர்ந்துகொள்ளலாம் என்றார். தம்பிக்குத் தூக்கம் போனது. அவன் ஆசைப்பட்டதெல்லாம் அப்படி ஒரு குழுவில் ஓர் இடம்தான்.

கோயமுத்தூர் ஸ்டூடியோவுக்கு நானும் போனேன். பாட்டின் நடுப்பகுதி முழுக்க அவனுக்கே விட்டிருந்தார்கள். "மனசுல வர்றதை வாசிங்க" என்றார் கிருத்திகா.

"அதுக்குச் சாம்பிள் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வாசித்தான். ஒரு துண்டு ஒரு பழைய இசைத்தட்டுக் கலைஞருடையது, அடுத்தது இன்னொருவருடையது. கிருத்திகா மரியாதையாகத்தான் சொன்னார்: "நல்லா இருக்கு குகன். ஆனா இவங்க எல்லாரோட ரெக்கார்டும் என்கிட்ட இருக்கே."

அதன்பின் சாக்ஸபோன் பரணுக்குப் போனது. வேலைக்குப் போவதும் வருவதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தான். எத்தனை நாள்தான் பொறுப்பது? எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு நாள் சோறு போடும்போது வெடித்துவிட்டேன்.

"சில சமயம் டிசைனர் வெறும் பேப்பர்ல கோடு போட்டு அனுப்புறாங்களே, அப்ப முதல் பீஸை யாரைப் பார்த்துடா தைக்கிறே?"

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்ததைச் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"யாரையும் பார்க்கறதில்லீங்க்கா. துணியைக் கையில புடிச்சுப் பார்ப்பேன். அது எப்படி விழுகுதோ அப்படியே போயிருவேன்."

அந்த ஞாயிறு சாக்ஸபோனோடு சாம்பிள் அறைக்குக் கிளம்பினான். போனைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். கிருத்திகாவின் அதே பாட்டு. ஆனால் இவன் அடிக்குரலிலேயே நாலைந்து சுரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒன்றை விட்டு அடுத்ததற்குப் போக அவசரமே படவில்லை. ஓரிடத்தில் சுரம் பிசிறு அடித்தது.

"அந்த இடம் மறுபடி வாசி."

"இருக்கட்டும்ங்க்கா."

ஒரு தையலுக்காக முழு உடுப்பையும் பிரிக்கிறவன் சொல்கிற பேச்சா இது? அது அழகாக இருந்ததா என்று சொல்லும் ஞானம் எனக்கில்லை. ஆனால் அவன் முடித்த பிறகும் பதிவை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வார்த்தையும் எழுதாமல் அந்தப் பதிவை மட்டும் கிருத்திகாவுக்கு அனுப்பினான். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அழைப்பு வந்தது. கம்பெனி வாசலில், சாப்பாடு கொண்டுபோயிருந்த என் பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் போட்டான்.

"குகன், நேத்து ஒண்ணு அனுப்பினீங்களே, அது யார் வாசிச்சது? நான் இதுவரை கேட்டதில்லையே. அவர் நம்பர் கிடைக்குமா? எனக்கு அவர்தான் வேணும்."

குகன் என்னைப் பார்த்தான். சொல்லடா என்று கையைக் காட்டினேன்.

"நானுங்க" என்றான். அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து இன்னொரு முறை சொன்னான்.