ஓவசியர் வீட்டுப் பீலி

மழை தூறத் தொடங்கியதும் ஊரில் எல்லாரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். ஓவசியர் ஆழ்வாப்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார். படலையைத் திறந்து, கேட்டுக் கேள்வியில்லாமல் உள்ளே வந்து, எங்கள் தாழ்வாரத்து மூலையில் நின்று அண்ணாந்து பார்ப்பார். பார்ப்பது எங்கள் வீட்டுப் பீலியை. கூரைத் தண்ணீர் எந்த இடத்தில் பீலிக்குள் விழுகிறது, எந்த இடத்தில் தப்பி வெளியே சிந்துகிறது, கடைவாயில் எவ்வளவு கனமாக ஊற்றுகிறது என்றெல்லாம் கவனித்துத் தலையை ஆட்டுவார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால், "மழை விடட்டும், மாஸ்ரர்" என்பார். மழை விட்டதும் ஆளைக் காண முடியாது.

முப்பத்தொரு வருஷம் தெருவேலைப் பகுதியில், வேலையை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவர். மன்னார்த் தெருவிலும் முல்லைத்தீவுத் தெருவிலும் அவர் கட்டிய மதகுகள் எத்தனையோ மாரியைக் கண்டுவிட்டன, இன்னும் அசையவில்லை. தண்ணீர் எப்படி ஓடும், எங்கே தேங்கும் என்று அவரிடம் கேட்டால் ஒரு மணி நேரம் கதைப்பார். ஊர்த் தண்ணீரெல்லாம் அவர் சொன்ன வழியில் ஓடியது. சொந்த வீட்டுத் தண்ணீர் மட்டும் மூன்று வருஷமாகக் கேட்கவில்லை.

அது மனைவி தங்கமுத்து அக்காவுக்குச் சீதனமாக வந்த ஓட்டு வீடு. பெரிய வீட்டுக் கூரையும் சமைக்கிற குசினிக் கூரையும் சந்திக்கும் இடத்தில், மாமனார் காலத்துப் பனம்பீலி ஒன்று கிடந்தது. பனைமரத்தைப் பாதியாகப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றியைக் குடைந்தெடுத்துச் செய்தது. இரண்டு கூரைத் தண்ணீரையும் ஏந்திக் கோடியில் இருக்கிற பீப்பாவுக்குள் விடவேண்டியது அதன் வேலை. எங்கள் ஊர்க் கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது, தேத்தண்ணி வாயில் வைக்க முடியாது. ஆகவே பீப்பாத் தண்ணீர் என்றால் தங்கமுத்து அக்காவுக்கு உயிர். பீலி உக்கிப்போன பிறகு பாதித் தண்ணீர்தான் பீப்பாவுக்குப் போனது. மீதிப் பாதி, அறையிலிருந்து குசினிக்குப் போகும் சீமெந்து நடையில் ஊற்றிப் பாசி பிடித்துக் கிடந்தது.

மாற்றவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். "மாத்தத்தான் வேணும். ஆனால் ஒருக்கா விசாரிப்பம்" என்பார் ஓவசியர். முதலில் துருப்பிடிக்காத நாகத்தகட்டுப் பீலியை விசாரித்தார். அரசாங்கத்தில் இருந்தவர் அல்லவா, மூன்று இடத்தில் விலை கேட்காமல் ஒன்றும் வாங்கமாட்டார். நெல்லியடிச் சந்தியில் பீலி மடிக்கத் தெரிந்த தகரக்காரர் ஒருவர்தான். அதனால் என்ன? அதே கடைக்கு மூன்று கிழமை அடுத்தடுத்துப் போய், ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்தவர் மாதிரி முதலிலிருந்து விசாரித்தார். இரண்டு தடவை பதினொரு ரூபாய் என்று சொன்ன மனிதர், மூன்றாம் தடவை எரிச்சலில் பன்னிரண்டு என்றார். "பாத்தியளே, விசாரிக்க விசாரிக்கத்தான் ஆளின்ரை குணம் தெரியுது" என்று என்னிடம் வந்து சொன்னார். விசாரிக்காமல் இருந்திருந்தால் பதினொரு ரூபாயோடு முடிந்திருக்கும்.

விலை இறங்கட்டும் என்று காத்திருந்தார். ஐரோப்பாவில் சண்டை தொடங்கியது. தகடு இருபத்தேழு ரூபாய்க்கு ஏறி, பிறகு காசு கொடுத்தாலும் கிடையாது என்று ஆகிவிட்டது.

இதற்கிடையில், செலவில்லாத வழி என்று பழைய பீலியின் ஓட்டைகளுக்குத் தார் பூசினார். தெருப் போட்ட கை. ஒழுக்கு நின்றது உண்மைதான். ஆனால் அந்த மாரி முழுக்க அவர் வீட்டுப் பருப்பிலும் தேத்தண்ணியிலும் தார் மணந்தது. வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மெல்ல வைத்துவிட்டார்கள். இவர் மட்டும் இரண்டு கோப்பை குடித்து, தனக்கு ஒரு மணமும் தெரியவில்லை என்று சாதித்தார். முப்பத்தொரு வருஷம் தார்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற மூக்குக்கு எப்படித் தெரியும்? சித்திரை வெயிலில் தார் உருகி வழிந்தது. தங்கமுத்து அக்கா அன்றே தார்வாளியை எடுத்து எங்கள் வீட்டில் கொண்டுவந்து ஒளித்துவைத்தார். இன்னும் எங்கள் கோடியில்தான் இருக்கிறது.

மிஞ்சியது பனை. அவருடைய பின்வளவில் பதினொரு பனை நின்றன. சொந்தப் பனை நிற்கப் பிறத்தியாரிடம் மரம் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்பது அவர் கட்சி. சரி, சொந்தப் பனையைத் தறிக்கலாமே என்றால், ஒன்று வளைவு, ஒன்று இடி விழுந்தது, இரண்டு வேலியோரம் நிற்பதால் பக்கத்து வளவுக்காரன் வழக்குக்கு வருவான், ஐந்து இளசு, வைரம் பற்றவில்லை, ஒன்றில் கிளி பொரித்திருக்கிறது. இவ்வளவையும் விரல்விட்டுச் சொல்லுவார். கூட்டிப் பார்த்தால் பத்துத்தான் வரும்.

பதினோராவது கிணற்றடிப் பனை. தச்சு வேலை இளையதம்பி, கூப்பிட்ட முதல்நாளே வளவை ஒரு சுற்றுச் சுற்றி அதற்குக் கீழே வந்து நின்றுவிட்டார். பதினெட்டு அடிக்கு ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக வரும், வேறு மரம் பார்க்கத் தேவையில்லை என்றார். ஓவசியர் வழக்கம்போல ஒருக்கா விசாரிப்பம் என்று அவரை அனுப்பிவைத்தார். கிணற்றடிப் பனையின் பழத்தைப் பற்றி நான் சொன்னால் மிகையென்பீர்கள். தும்பு குறைவு, காறல் கிடையாது. ஆவணி மாதத்தில் ஓவசியர் விடியற்காலையில் தானே பொறுக்கி, தானே சுமந்து, தெரிந்தெடுத்த ஏழெட்டு வீடுகளுக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பார். நான் இந்த ஊருக்குப் படிப்பிக்க வந்து நாலாம் வருஷந்தான் எனக்கு ஒரு பழம் கிடைத்தது. அன்றைக்குத்தான் ஊரில் நானும் ஓர் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

"விலையுமில்லை ஒண்டுமில்லை, மாஸ்ரர்" என்றார் தங்கமுத்து அக்கா ஒருநாள், வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று. "அந்த மரத்தைத் தறிக்க மனமில்லை. அதைச் சொல்ல வெக்கத்திலைதான் ஊர்ப் பீலியெல்லாம் அளந்துகொண்டு திரியிறார்."

போன புரட்டாதியில் மகள் குணலட்சுமி தலைப்பிள்ளைப் பேற்றுக்கு அளவெட்டியிலிருந்து தாய்வீட்டுக்கு வந்தாள். நிறைமாதத்துக்கு இன்னும் சில கிழமைதான். வயிற்றுப் பிள்ளையோடு அந்தப் பாசி நடையைக் கடந்துதான் அவள் குசினிக்குப் போய்வர வேண்டும். ஐப்பசி மழை எந்த நேரமும் இறங்கலாம். ஓவசியர் அப்போதும் என் வீட்டுப் பீலியின் சரிவை அடிமட்டத்தால் அளந்துகொண்டிருந்தார். தங்கமுத்து அக்கா படலையடிக்கு வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "பிள்ளை வழுக்கி விழுந்தால், உங்கடை மதகெல்லாம் வந்து தூக்கிவிடுமோ?" ஓவசியர் அடிமட்டத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எனக்குத் தெரிந்து அதுதான் அந்த வருஷத்தின் முதல் பெருமழை. குடையும் கையுமாக வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பின்னேரம், மனம் கேட்காமல் நானே போனேன்.

நடையின் நடுவில், பீலி வெடித்து ஊற்றும் இடத்துக்கு நேர் கீழே ஓவசியர் நின்றார். குடை அவர் தலைக்கு மேலே இல்லை. கையை எட்டிய மட்டும் நீட்டி, மகள் நடக்கிற பக்கத்துக்குப் பிடித்திருந்தார். கூரைத் தண்ணீர் முழுவதும் அவர் முதுகில் விழுந்து ஓடியது. குணலட்சுமி அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தாள். நடையில் சாக்கு விரித்திருந்தது. அதுவும் மிதக்கத் தொடங்கியிருந்தது.

"ஐயா, நீங்கள் நனையிறியள்."

"நீ காலைப் பாத்து வை, பிள்ளை."

மத்தியானத்திலிருந்து அப்படியே நிற்கிறார் என்று தங்கமுத்து அக்கா தலை துவட்டத் துவாயும் கையுமாக நின்று சொன்னார். அவருடைய குரலில் கோபம் இல்லை. மூன்று வருஷமாக இந்த மனிதரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். ஓவசியர் என்னைக் கண்டார். வழக்கமாக மேலே பார்ப்பவர் அன்றைக்கு நிலத்தைப் பார்த்தார்.

"மாஸ்ரர், போற வழியிலை இளையதம்பியை விடிய வரச் சொல்லிவிடுங்கோ."

மறுநாள் வானம் வெளித்திருந்தது. இளையதம்பி கயிறும் கோடாலியுமாக இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். எந்த மரம் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் வீட்டுக்காரர் வாயால் சொல்லவேண்டுமல்லவா, கேட்டார். ஆழ்வாப்பிள்ளை விசாரிப்பம் என்று சொல்லவில்லை. கிணற்றடிவரை போனார். வழியில் கிடந்த, கிணற்றடிப் பனையின் கொட்டை ஒன்றைக் குனிந்து எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். பிறகு முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பி, கையிலிருந்த குடையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டி, அந்த மரத்தைக் காட்டினார்.