வேம்பார் டீக்கடையில் ஒரு தலைவரின் படம்

ஆவணி, வெள்ளிக்கிழமை, மதியம். வேம்பாரில் தூத்துக்குடி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். உப்பளத்துப் பக்கமிருந்து அனல் காற்று வீசுகிறது. ரோட்டில் ஆளே இல்லை. டீக்கடையில் நானும் கடைக்காரர் அந்தோணியும் மட்டும். மாதா படத்துக்குக் கீழே, செய்தித்தாளில் வெட்டி ஒட்டிய ஒரு வெளிநாட்டுத் தலைவரின் முகம். அவர் நாட்டில் போர் நடக்கிறது. அந்தோணியின் மகன் வேலை செய்யும் சரக்குக் கப்பல் அங்கே துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"கப்பல்காரங்களுக்கு ஒண்ணும் ஆவாது, நான் பொறுப்புன்னு டிவில சொன்னாரு. அன்னைக்கு ஒட்டுனது," என்கிறார்.

போரில் தோற்ற தலைவர்களை மக்கள் வெறுத்த வரலாறு நிறையப் படித்திருக்கிறேன். இவர் ஜெயித்துக்கொண்டிருக்கிறார், ஆனாலும் சொந்த நாட்டிலேயே ஆதரவு சரிகிறது. ஏன் என்று கேட்கிறேன்.

"தெனம் டிவில வாரான், ஜெயிச்சாச்சுன்னு சிரிக்கான். எம்மவன் குடிதண்ணிய அளந்து குடிக்கான். சண்டைல செத்தவன் வீட்டுக்கு ஒரு நாள் போனானா? நம்ம கடக்கரைல வள்ளம் திரும்பலன்னா, வள்ளத்துச் சொந்தக்காரன் மொதல்ல அந்த வீட்டு வாசல்ல போயி நிக்கணும். வையட்டும், அடிக்கட்டும், நிக்கணும். நிக்காதவன் வள்ளத்துல மறுநா எவன் ஏறுவான்?"

சொல்லிக்கொண்டே படத்தை உரிக்கிறார். பாதி உரிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு அவர் மனைவி கடைக்குப் பின்னாலுள்ள வீட்டிலிருந்து ஓடி வருகிறார்.

"என்ன செய்யுதிய? பிள்ள இன்னும் அவன்கிட்டதான கெடக்கான்!"

அந்தோணி மனைவியின் விரலில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை எடுத்துத் தாளின் பின்னால் தேய்க்கிறார். ஒட்டும்வரை அந்த முகத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நிற்கிறார்.