கீழே வைத்த கரண்டி

வாயைத் திறந்தாலே அசடு வழிவது என் பிறவிக்குணம். நகராட்சி முதியோர் இல்லத்தை எங்கள் டிரஸ்ட் ஏற்று நடத்த வந்த முதல் நாளே, சமையல்கார அம்மாவிடம் போய், "இனிமே இது வேலை இல்லைங்க, சேவை!" என்றேன்.

அந்த அம்மா நெடுநெடுவென்று உயரம். எதற்கும் பதில் சொல்லுமுன் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். வைத்தார்.

"அப்ப வார லீவு, பி.எஃப். எல்லாம்?"

"சேவைக்கு ஏதுங்க லீவு?"

"சேவைன்னா அரிசி மாவைத்தாங்க பிழியணும், ஆளை இல்லை. நகராட்சியில இருந்ததெல்லாம் அப்படியே தொடரும்னு உங்க செயலாளர் வந்து சொல்லட்டும். அப்புறம் கரண்டியை எடுக்கறேன்."

செயலாளர் கும்பகோணத்திலிருந்து ஓடிவந்து ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் அங்கே எல்லோருக்கும் வார லீவு உண்டு. ஆனால் அவர் வந்து சேரும்வரை அந்த அம்மா அசையவில்லை.

"சாம்பார் அடிப்பிடிக்குதுங்க, யாரு கிண்டறது?" என்று அலறினேன்.

"நீங்க சேவை பண்ணுங்க."