கொள்ளிடத்துக்கு நான் குறித்த நாள்

சுட்டுக் கிடக்கும் மணலில் "புதுத்தண்ணி" ஏறும்போது ஓர் ஆவி எழும். மழை மண்ணின் மணமல்ல அது, காய்ந்த சட்டியில் நீர் தெளித்தாற்போல் மூக்கைச் சுருக்கும். ஆடியில் திருமானூர்ப் பக்கம் ஒரு சொட்டு மழை இருக்காது. ஆனால் எங்கோ குடகில் பெய்த மழை, எங்கள் கண் காணாத மழை, மேட்டூரை நிரப்பி, முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரிந்து, கொள்ளிடமாகி, வெயிலோடு வெயிலாக எங்கள் ஊருக்குள் நுழையும்.

கொள்ளிடம் பள்ளத்தில் ஓடுகிற ஆறு. விட்டால் காவிரி முழுவதும் இதில் இறங்கிவிடும் என்றுதான் சோழர்கள் கல்லணை கட்டினார்கள், வெள்ளைக்காரர்கள் முக்கொம்பில் மேலணை கட்டினார்கள். தஞ்சாவூர் வயலுக்குத் தண்ணீர், எங்களுக்கு வெள்ளம். வெள்ளம் இல்லாத மாதங்களில் நடு ஆற்றில் புல் முளைத்து நிற்கும் மணல்மேடு, அந்தத் "திட்டு"தான் எங்கள் மேய்ச்சல் நிலம்.

எட்டாம் வகுப்பில் இதையெல்லாம் படித்தேன். மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் என்று டீச்சர் சொன்னதை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். மேட்டூர் நிரம்பி வழிகிறது என்று ரேடியோ சொன்ன காலையில், அட்லஸில் நூல் வைத்து ஆற்றின் வளைவுகளை அளந்தேன். எங்கள் பசுவும் கன்றும் திட்டில் கட்டிக் கிடந்தன. அந்தப் பாலை நம்பித்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

"இன்னிக்கே ஓட்டியாந்துடவா?" என்றாள் அம்மா.

"எதுக்கும்மா? நாலாம் நாளுதான் வரும். அளந்துட்டேன்."

"நீ சொன்னா சரி. படிக்கிற புள்ள, தெரியாமயா சொல்லுவே?"

மறுநாள் மாலையே ஆறு வந்துவிட்டது. மூன்று நாள் என்பது பாசனத்துக்குத் திறந்துவிடும் தண்ணீரின் நடை; வெள்ளம் நடப்பதில்லை, ஓடும். அது என் நோட்டில் இல்லை. தண்டோரா எங்கள் தெருவுக்கு வருவதற்குள் திட்டில் பாதி முழுகியிருந்தது. பசு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நீந்திக் கரையேறியது. கன்றின் முளை பெயரவில்லை. அம்மா ஆழமாக அடித்திருந்தாள்.

"கட்டுன கன்ன அவுக்கத் தெரியல, நீயெல்லாம் மாடு வச்சிருக்கே!" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கரையில் நின்று கத்தினாள். நான் வாய் திறந்தேன். அம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"மறந்துட்டங்க்கா. வெறகு பொறுக்கப் போனவ, மறந்தே போயிட்டேன்."

பசு நான்கு நாள் ஆற்றைப் பார்த்துக் கத்தியது. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஊரில் அவள் பெயர் "மறதிக்காரி". குழாயடியில், கோயிலில், கல்யாண வீட்டில், சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். நான் மட்டும் எல்லாப் பரீட்சையிலும் தேறிக்கொண்டிருந்தேன்.

இப்போது அணையில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று செல்போனே சொல்லிவிடுகிறது. திட்டை லாரிகள் அள்ளிப் போய்விட்டன; வெள்ளம் குழிகளில் சுழல்கிறது. அம்மா இல்லை, பெரியம்மாவும் இல்லை. போன ஆடியில் ஊருக்கு வந்து பாலத்தில் நின்றிருந்தேன். பெரியம்மாவின் மருமகள், கல்யாணமாகி வந்தபின் அந்தக் கதையைக் கேள்விப்பட்டவள், உற்றுப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க அந்த மறதிக்காரி மவதானே?"

கீழே ஆறு நுரைத்துப் போய்க்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றேன்.